ஜாம்பி சிறுகதையில் உயிரோடு இருப்பவர்களை எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 3,000 சொல்லுக்குள் ஒரு ஜாம்பி சிறுகதை எழுதியிருக்கிறீர்கள். ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் ஐந்து பேர் ஓரிரவு மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு டாக்டர், ஒரு முன்னாள் ராணுவ வீரர், ஒரு கர்ப்பிணிப் பெண், அவளுடைய கணவன், ஒரு சிறுவன். படித்துப் பார்த்தவர்கள் ஜாம்பிகள் பயமுறுத்துகின்றன, ஆட்கள்தான் பொம்மை மாதிரி நிற்கிறார்கள் என்று சொன்னார்கள். உடனே ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் முன்கதை சேர்த்தீர்கள். கதை இன்னும் மந்தமாகிவிட்டது. இவர்களை நம்ப வைக்க வேறு என்னென்ன விவரம் சேர்க்கலாம் என்பது உங்கள் கேள்வி.

விவரம் போதவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஐந்து பேரில் ஒருவர் செத்தால் படிப்பவருக்கு ஏன் வலிக்கவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. இது வேறு கேள்வி, இதற்கான பதிலும் வேறு. பல வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன், மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவற்றில் திகில் கதைகள் நிறைய. கீழே சொல்பவற்றில் சில ஆராய்ச்சியில் பதிவானவை, சில என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தவை, சில வெறும் என் ரசனை. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 3,000 சொல்லை ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 600. கட்டடம், இருட்டு, கதவு, சத்தம், ஓட்டம் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும். மிஞ்சிப்போனால் ஒருவருக்கு 200 சொல் கிடைக்கும். அதற்குள் யாரையும் முழுசாகக் காட்ட முடியாது. இந்த நீளத்தில் இரண்டு பேர் போதும், மூன்று பேர் என்றால் கொஞ்சம் நெருக்கடி. மற்றவர்களைக் கதையிலிருந்து தூக்கிவிடச் சொல்லவில்லை. அவர்கள் ஒரே ஒரு குணத்தோடு வந்து போகட்டும். ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபாஸ்டர் 1927-இல் நாவலைப் பற்றிப் பேசும்போது பாத்திரங்களை, ஒரே குணத்தில் அடங்கும் தட்டையானவை, பல முகம் உள்ள உருண்டையானவை என்று பிரித்தார். தட்டையானதைக் குறையாக அவர் சொல்லவில்லை, அதற்கும் கதையில் வேலை உண்டு என்றார். உருண்டையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை எளிமையானது: நம்மை நம்பும்படியாக ஆச்சரியப்படுத்த அதனால் முடியுமா? உங்கள் ஐந்து பேரில் யார் அப்படி ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொற்களை அவர்களுக்காகச் செலவு பண்ணுங்கள்.

அடுத்தது ஜாம்பி என்றால் என்ன என்பது. பலர் இதை வெறும் அலங்கார விஷயம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த உருவம் கரீபியப் பகுதியில் உள்ள ஹெய்ட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை பெற்ற நாடு அது. அந்த மக்களின் நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, தின்பதில்லை. செத்த பிறகும் ஓய்வு கிடைக்காமல், இன்னொருவன் கட்டளைக்கு வேலை செய்துகொண்டே இருக்கும் உடம்பு அது. சாவு வந்தால்கூட விடுதலை இல்லை என்ற அடிமையின் பயம்தான் அதற்குள் இருக்கிறது. மனிதரைத் தின்னும் கூட்டம் என்ற உருவம் பரவலாக நிலைத்தது 1968-இல் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்துக்குப் பிறகு. இரண்டு உருவத்திலும் இல்லாமல் போவது ஒன்றேதான். தனக்கென்று ஒரு விருப்பம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஜாம்பியால் முடிவு செய்ய முடியாது.

இதிலிருந்துதான் நான் பாத்திரங்களுக்கு வருகிறேன். செத்தவர்களுக்கு விருப்பம் இல்லை என்றால், உயிரோடு இருப்பவரைக் காட்டும் ஒரே வழி அவருடைய விருப்பம்தான். 'உயிர் பிழைக்க வேண்டும்' என்பதை விருப்பக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எல்லோருக்கும் இருக்கிறது, எலிக்கும் இருக்கிறது. அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட முடியாது. திருத்தத்துக்கு வரும் ஜாம்பி கதைகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். ஐந்து பேரும் ஒரே விஷயத்தை விரும்புகிறார்கள், அதனால் ஐந்து பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். டாக்டர், வீரர் என்ற பெயர்ப்பலகை மட்டும்தான் வித்தியாசம்.

ஜாம்பிகள் வருவதற்கு முன்பே அவருக்கு இருந்த விருப்பம் எது என்று கேளுங்கள். போன வாரம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, அவர் எதை நினைத்துக்கொண்டு எழுந்தார்? யாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்? அந்த விருப்பம் பழையதாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. ஜாம்பி வந்து அதன் பாதையை அடைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆள் பழைய விருப்பத்தை விடுவாரா மாட்டாரா என்பதில் கதை பிறக்கிறது.

பட்டறைகளில் நான் காட்டும் ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன், நானே இதற்காகக் கட்டியது. ஒரு முதியவர், அவருடைய மகள். முதியவருக்குக் காது மந்தம், காதுக் கருவி போட்டிருக்கிறார். காது கேட்காத பலரைப் போல அவரும் தன் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று தெரியாமல் பேசுவார். மகள் சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கேட்கும்படி கத்திக் கத்திப் பேசியே வளர்ந்தவள். வெளியே போனால் கூசிப்போவாள். 'மெதுவாப் பேசுங்கப்பா' என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். அவருக்கு ஒரே ஒரு ஆசை: யாருக்கும், முக்கியமாக மகளுக்கு, தான் ஒரு பாரமாக இருக்கக் கூடாது. இது ஜாம்பி வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த ஆசை. இப்போது கதையில் ஒரே ஒரு விதி வையுங்கள். ஜாம்பிகள் சத்தத்தை வைத்துத்தான் தேடி வரும்.

இந்த விதியும் அந்த இரண்டு பேரும் எப்படிக் கோத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்குள் வெறும் எரிச்சலாக இருந்த ஒன்று இப்போது உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. முன்கதை சொல்லத் தேவையே இல்லை. இருபது வருடத்து உறவு முழுக்க ஒரு வாக்கியத்தின் சத்த அளவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கதை உலகத்தின் விதியைத் தனியாகவும் பாத்திரங்களைத் தனியாகவும் யோசிப்பவர்களுக்கு இந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை. உங்கள் ஜாம்பிகளுக்கு என்ன விதி என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. வெளிச்சமா, வாசனையா, ரத்தமா? எதுவாக இருந்தாலும் உங்கள் ஆட்களில் யாருடைய பழைய புண்ணில் அந்த விதி நேராகப் போய்த் தொடுகிறது என்று தேடிப் பாருங்கள். எதையும் தொடவில்லை என்றால் ஒன்று விதியை மாற்றுங்கள், இல்லை ஆளை மாற்றுங்கள்.

இந்த உதாரணத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம், ஏனென்றால் விவரம் எங்கே உதவும் என்பதும் இதில் தெரிகிறது. காதுக் கருவிகள் பலவற்றில் போடுவது துத்தநாகக் காற்று பேட்டரி. பொத்தான் அளவில் இருக்கும், மேலே வண்ணத் தாள் ஒட்டியிருக்கும். தாளைப் பிய்த்ததும் உள்ளே காற்று போய் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே வரும், தாளைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. அளவைப் பொறுத்துச் சில நாளிலிருந்து இரண்டு வாரம், கொஞ்சம் பெரியதாக இருந்தால் அதற்கு மேலும் வரும். தீரப் போகும்போது கருவி ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி கொடுக்கும். அந்த ஒலி போட்டிருப்பவரின் காதுக்குள் மட்டும்தான் கேட்கும்.

கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு அந்த முதியவர் பிடிபட்டார். பேட்டரி தீரப்போகிறது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். சொன்னால் மகள் பேட்டரி தேடி வெளியே போவாள். சொல்லாவிட்டால் கேட்கவும் முடியாது, தன் குரலை அடக்கவும் முடியாது. அவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு 'அவருக்கு 71 வயது, கணக்காளராக வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர்' என்ற விவரங்கள் எதுவும் பதில் சொல்லாது. பாரமாக இருக்கக் கூடாது என்ற அந்தப் பழைய ஆசை பதில் சொல்லும்.

இதையே இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதல் விதம்: 'அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் எப்போதும் சத்தமாகப் பேசுவார். மகளுக்கு அவர்மேல் பாசமும் எரிச்சலும் கலந்தே இருந்தன. ஜாம்பிகளுக்குச் சத்தம் கேட்டால் ஆபத்து என்பதால் அவளுக்குப் பயமாக இருந்தது.' தகவல் எல்லாம் சரி, ஆனால் அறையில் யாரும் இல்லை. இரண்டாவது விதம்:

அவர் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்து ஒரு முறை தட்டினார்.
'என்னப்பா?' என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.
தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுத ஆரம்பித்தார். அவர் எதையும் எழுதி அவள் பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார். 'தண்ணி எவ்வளவு இருக்கு?'
கேட்டால் போதுமே, எதற்கு எழுதுகிறார் என்று அவள் நினைத்தாள். அப்புறம் அவர் காதைப் பார்த்தாள்.

பேட்டரி தீர்ந்தது என்று எங்கும் சொல்லவில்லை. அவர் இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்றும் சொல்லவில்லை. படிப்பவர் தானே கண்டுபிடித்த நொடியில் அந்த மனிதர் அவருக்குச் சொந்தமாகிவிடுகிறார். இதற்கு ஆன செலவு ஐம்பது சொல்லுக்குக் கொஞ்சம் கூட. உங்கள் அரைப் பக்க முன்கதை ஏன் கதையை மந்தமாக்கியது என்பதற்கும் காரணம் இதில் இருக்கிறது. ஆபத்து கதவுக்கு வெளியே நிற்கும்போது படிப்பவரின் கவனம் முழுக்க அந்தக் கதவில் இருக்கும். அந்த நேரத்தில் கதையை நிறுத்தி ஒருவருடைய கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இடைஞ்சல்தான். கடந்த காலம் கதவைப் பிடித்திருக்கும் கையில் தெரிய வேண்டும். பழக்கமாக, தயக்கமாக, வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல்லாக வரலாம். பத்தியாக வரக் கூடாது.

இனி மனிதர்கள் ஆபத்தில் உண்மையிலேயே எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது. இங்கே ஆராய்ச்சி நம் பக்கம் இருக்கிறது. திகில் கதை எழுதுபவர்கள் பலர் எடுத்த எடுப்பில் எல்லோரையும் அலறி ஓட வைத்துவிடுகிறார்கள். 1968-இல் பிப் லதானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். ஆனால் கூடவே இரண்டு பேர் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்தவர்கள். சொல்லாத மாணவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிவிட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டபோது அது நீராவி என்று நினைத்தேன், குளிரூட்டியிலிருந்து வருவது என்று நினைத்தேன் என்றார்கள்.

இதை உங்கள் முதல் காட்சியில் வைத்துப் பாருங்கள். படிக்கட்டில் ஒருவன் தள்ளாடி ஏறி வருகிறான். ஐந்து பேர் நிற்கிறார்கள். ஐந்து பேரும் முதலில் அவனைப் பார்ப்பதில்லை, மற்ற நால்வரின் முகத்தைப் பார்க்கிறார்கள். யாரும் அலறவில்லை, அதனால் யாரும் நகரவில்லை. 'குடிச்சிருக்கான் போல' என்று ஒருவர் சொல்கிறார், எல்லோருக்கும் நிம்மதி. படிப்பவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். கத்தலை விட இந்த நிம்மதி எவ்வளவு பயங்கரம் என்று எழுதிப் பார்த்தால் தெரியும். அதோடு முதலில் அசைவது யார், காரணம் சொல்லிச் சமாளிப்பது யார் என்பதிலேயே இரண்டு பாத்திரங்கள் கிடைத்துவிடும்.

இன்னொரு நிகழ்வு. 1977 மே 28 இரவு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற பெரிய கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 165 பேர் இறந்தார்கள். மேசை துடைக்கும் வேலையில் இருந்த 18 வயதுப் பையன் ஒருவன், நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த மேடையில் ஏறி, ஒலிவாங்கியை வாங்கி, வெளியேறும் வழிகளைக் காட்டி எல்லோரையும் போகச் சொன்னான். சிலர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். உயிர் தப்பியவர்கள் சொன்னதைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கவனித்த ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. பரிமாறுகிறவர்கள் தங்கள் பொறுப்பில் இருந்த மேசைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். தீ பரவும்போதும் அவர்களுக்கு அது என் மேசை.

வேலையும் உறவும் ஆபத்தில் கழன்று விழுவதில்லை, இன்னும் இறுகிப்போகின்றன. இதை உறுதியாகச் சொல்லலாம். பேரிடர் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: கண்மண் தெரியாத பீதி நாம் நினைப்பதை விடக் குறைவு, கூட இருப்பவருக்கு உதவுவது அதிகம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவை நிமிடங்களிலும் மணிகளிலும் நடந்தவை. வாரக்கணக்கில் பசியோடு அடைபட்டிருக்கும் ஐந்து பேருக்கு இதை அப்படியே நீட்டிக் காட்டினால் அது என் ஊகம்தான், ஆராய்ச்சி இல்லை. உங்கள் கதை ஓரிரவில் முடிகிறது என்பதால் நீங்கள் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

அப்படியானால் உங்கள் டாக்டர் வெறும் 'டாக்டர்' இல்லை. அவருடைய 'மேசை' எது? அவர் பல் மருத்துவராக இருந்தால்? ஆபத்தில் எல்லோரும் அவரிடம் ஓடி வருவார்கள். தனக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. உங்கள் ராணுவ வீரர் சண்டை போட்டவராகவே இருக்க வேண்டுமா? பெரிய படைகளில் பண்டகசாலை, கணக்கு, சமையல், வண்டி பழுது என்று வேலை பார்ப்பவர்கள் ஏராளம். துப்பாக்கியைக் கொடுத்ததும் ஒவ்வொரு தலையையும் குறி தப்பாமல் சுடும் வீரரை விட, தண்ணீரையும் தீக்குச்சியையும் எண்ணி எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளும் பண்டகசாலைக்காரர் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் ஒரு தீக்குச்சியைக் கணக்கில் சேர்க்காமல் தன் பையில் போட்டுக்கொள்ளும் நொடியில் கதை எங்கேயோ போய்விடும்.

தவறுகளைப் பற்றி. ஜாம்பி கதையில் யாராவது தவறு செய்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. ஆனால் அந்தத் தவறு அந்த ஆளுடையதாக இருக்க வேண்டும், எழுதுபவருடையதாக இருக்கக் கூடாது. கதைக்குத் தேவை என்பதற்காகக் கதவைத் திறந்து வைப்பவரைப் படிப்பவர் மன்னிப்பதே இல்லை. அதே கதவைத் தன் மனைவி இன்னும் வெளியே இருக்கிறாள் என்பதால் பத்து நொடி அதிகமாகத் திறந்து வைப்பவரோடு படிப்பவரும் சேர்ந்து நிற்கிறார். நான் வைக்கும் சோதனை இது: அந்த இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன் என்று படிப்பவர் வேண்டாவெறுப்பாகவாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் நான் முன்பு சொன்ன ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படம். பண்ணை வீட்டில் மாட்டிக்கொண்ட ஏழு பேரில் இரண்டு பேருக்குள் தீராத சண்டை. ஒருவர் மேலே கதவு ஜன்னலை அடைத்துப் போராடலாம் என்கிறார், மற்றவர் நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளலாம் என்கிறார். நிலவறைக்காரர் கோழை, முன்கோபி, நமக்குப் பிடிக்காதவர். ஆனால் அவருடைய மகள் காயத்தோடு நிலவறையில் படுத்திருக்கிறாள், பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் மேல்தளம் உடைந்துபோகிறது. இவ்வளவு நேரம் நாம் ஆதரித்த நாயகனே அந்த நிலவறையில் ஒளிந்துதான் இரவைத் தாண்டுகிறார். நமக்குப் பிடிக்காத ஆளிடம் ஒரு நியாயம் இருந்தது. உங்கள் கதையில் 'சுயநலக்காரர்' என்று ஒருவர் இருந்தால் இருப்பதிலேயே வலுவான வாதத்தை அவர் கையில் கொடுங்கள். விவாதத்தில் நீங்களே தடுமாற வேண்டும்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஜாம்பி என்ற சொல்லை யாரும் சொல்வதே இல்லை. உங்கள் பாத்திரங்கள் அவற்றை என்னவென்று அழைக்கிறார்கள்? இந்த இடத்தில் தமிழில் எழுதுபவருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதைப் பலர் வீணாக்குகிறார்கள். நம் இலக்கணம் மக்களை உயர்திணை என்றும் மற்றதையெல்லாம் அஃறிணை என்றும் பிரிக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்தப் பிரிவில்தான். ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் அவர் இரண்டில் எது என்று வினைமுற்றிலேயே நாம் முடிவு செய்தாக வேண்டும். 'அவர் வருகிறார்' என்றால் மனிதர். 'அது வருகிறது' என்றால் மனிதர் இல்லை. நடுவில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

இதை வைத்து ஒரு பாத்திரத்தின் முழு மாற்றத்தையும் காட்டிவிடலாம். கர்ப்பிணியின் கணவன் கடிபட்டு மாறிவிட்டான் என்று வையுங்கள். ராணுவ வீரர் 'அது கதவுகிட்ட நிக்குது' என்கிறார். அவள் 'அவர் கதவுகிட்ட நிக்கிறார்' என்கிறாள். சண்டை வேண்டாம், அழுகை வேண்டாம், இரண்டு வினைமுற்றுகள் போதும். பின்னால் எப்போதோ அவள் வாயிலிருந்து முதல் முறையாக 'நிக்குது' என்று வரும்போது அந்த அறையே அமைதியாகும். யாரும் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், நீங்களும் காட்டாதீர்கள். குழந்தைகளை நாம் பாசத்தோடு அஃறிணையில்தான் சொல்கிறோம், குழந்தை அழுகிறது, குழந்தை தூங்குகிறது என்று. வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவள் 'அசையுது' என்று சொன்னால், கதவுப் பக்கம் காதை வைத்திருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த உத்தி பலிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், அளவு மீறினால் வித்தை காட்டுவது போல ஆகிவிடும். ஒரு கதையில் ஒரு முறை செய்யலாம்.

உரையாடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயத்தில் இருப்பவர்கள் பயத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. சாவி, செருப்பு, தண்ணீர், சார்ஜ் என்று பேசுவார்கள். 'நாம் ஒற்றுமையாக இருந்தால்தான் பிழைப்போம்' போன்ற வசனம் வந்தால் வெட்டிவிடுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை மட்டும் படியுங்கள், யார் பேசுவது என்று தெரியாவிட்டால் அந்த இரண்டு பேரும் இன்னும் ஒரே ஆள்தான். கடிபட்டதை ஒளித்துவைப்பவர் என்ற பழைய திருப்பத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயன்படுத்தலாம். ஏன் ஒளிக்கிறார் என்பதற்குச் 'சாகப் பயம்' என்பதைத் தவிர வேறு காரணம் உங்களிடம் இருந்தால் மட்டும்.

நான் சொன்னது எல்லா ஜாம்பி கதைக்கும் பொருந்தாது. சிரிக்க வைக்கும் ஜாம்பி கதைக்கு இவ்வளவு கனம் தேவையில்லை, அங்கே தட்டையான ஆட்கள்தான் அழகு. ஓட்டமும் சண்டையும் மட்டுமே நோக்கம் என்றால் காதுக் கருவிக்கெல்லாம் நேரம் இருக்காது. இரண்டு பேர் போதும் என்று நான் அழுத்திச் சொன்னதும் உங்கள் 3,000 சொல்லுக்காகத்தான். 10,000 சொல் என்றால் ஐந்து பேரையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இப்போதைக்கு முன்கதைகளை வேறு கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம். கர்ப்பிணியையும் அவள் கணவனையும் விட எனக்கு அந்தச் சிறுவன்தான் நெருடுகிறான். ஐந்து பேரைச் சொல்லும்போது மற்ற நாலு பேருக்கும் ஒரு தொழிலோ உறவோ சொன்னீர்கள், அவனுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. ஒரு சிறுவன் தானாக ஒரு மாடிக்கு வந்து நிற்க மாட்டான். யார் கையைப் பிடித்துக்கொண்டு அவன் படியேறினான், அந்தக் கை எந்த மாடியில் விட்டுப்போனது, மற்ற நாலு பேரில் யார் அதைப் பார்த்தார்கள்? முதலில் அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.